பழைய காருக்கு வேறு இன்ஜினா? முதலில் ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள்

அபிராமபுரம், ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி பக்கம் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த பழைய வீடுகள் சிலவற்றின் போர்ட்டிகோவில், துணி போர்த்திய கார் ஒன்று நின்றுகொண்டிருக்கும். பெரும்பாலும் பிரீமியர் பத்மினியாக இருக்கும். இல்லையென்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், அல்லது ஆரம்பகால மாருதி 800. அப்பாவோ தாத்தாவோ ஓட்டியது. விற்க மனசு வராது, ஓட்டத் தைரியம் வராது. சி.பி. ராமசாமி சாலை மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும்.

அப்போதுதான் மெக்கானிக் ஒரு யோசனை சொல்வார்: "சார், இந்த இன்ஜினோட மல்லுக்கட்டாதீங்க. வேற நல்ல இன்ஜின் ஒண்ணு தூக்கி வெச்சிடலாம். ஏ.சி.கூட போட்டுக்கலாம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அவர் சொல்வது பட்டறையில் முடிகிற வேலையும்தான். ஆனால் இன்ஜினை மாற்றினால், அரசுப் பதிவேட்டில் உங்கள் காருக்கு இருக்கும் அடையாளமும் மாறிப்போகிறது. அதைச் சரியாகப் பதிவு செய்யாவிட்டால், பதிவைப் புதுப்பிக்கும் நாளிலோ, விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும் நாளிலோ பிரச்சினை வந்து நிற்கும். எனவே எந்த இன்ஜின் நன்றாக ஓடும் என்ற கேள்விக்கு முன்னால், எந்த இன்ஜினை வைத்தால் இந்த வண்டி சட்டப்படி உங்கள் வண்டியாகவே இருக்கும் என்று கேளுங்கள்.

ஆர்.சி. என்ன சொல்கிறது?

உங்கள் போனில் டிஜிலாக்கரையோ எம்பரிவாகன் செயலியையோ திறந்து பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பாளர், மாடல், எரிபொருள், இன்ஜினின் கொள்ளளவு எத்தனை சி.சி., எத்தனை சிலிண்டர் என்று எல்லாம் இருக்கும். பத்மினி என்றால் 1089 சி.சி. என்று பார்க்கலாம். இவைதான் உங்கள் காரின் ஜாதகம். வேறு இன்ஜின் வைத்தால் இன்ஜின் எண் கட்டாயம் மாறும். வைக்கும் இன்ஜினைப் பொறுத்து சி.சி., சிலிண்டர், எரிபொருள் எல்லாமே மாறலாம்.

செயலியில் வண்டியே வரவில்லையா? பயப்பட வேண்டாம். இப்போதைய டி.என். வரிசை எண்கள் வருவதற்கு முன், எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்றெல்லாம் தொடங்கும் எண்களோடு பதிவான பல வண்டிகளின் விவரம் பழைய ஆர்.சி. புத்தகத்திலும் அலுவலகப் பதிவேட்டிலும்தான் இருக்கும். வாகன் கணினித் தொகுப்பில் ஏறியிருக்காது. அசல் ஆர்.சி. புத்தகத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், விவரங்களைக் கணினியில் ஏற்றித் தரக் கேளுங்கள். அது முடியாமல் இணையவழியில் எந்தச் சேவையும் நகராது.

இன்னொரு விஷயம், இது நம்ம ஊரில் ரொம்பச் சாதாரணம். ஆர்.சி. இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும். இன்ஜின் மாற்ற விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர். ஆகவே முதலில் வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலம் எப்போதோ தாண்டியிருந்தால், "இனிமே என்ன" என்று விட்டுவிடாமல் தாமதத்தோடாவது முடித்துவிடுங்கள். அண்ணன், தங்கை என வேறு வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. இன்ஜினுக்குப் பெரும் பணம் செலவழித்த பிறகு "வண்டி யாருது?" என்ற பேச்சு வரக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52-ஐத்தான் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தந்த தீர்ப்பும் இதை உறுதி செய்தது: தயாரிப்பாளரின் அசல் விவரக் குறிப்புகளிலிருந்து விலகும் மாற்றத்தைப் பதிவு அதிகாரி அனுமதிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு, இன்ஜினையே மாற்றக் கூடாது போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் வெடித்துப்போனால் வேறென்ன செய்வது? அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை, பதிவு அதிகாரியின் அனுமதியோடு வைத்து, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் மாற்றம் நடந்துவிட்டிருந்தால், 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182-ஏ, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கவனியுங்கள், பொறுப்பு உரிமையாளருடையது. "மெக்கானிக் சொன்னாரு, செஞ்சேன்" என்பது பதிலாகாது.

யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளுக்கு நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க எட்டு மதிப்பெண் வேண்டியிருந்தது. அதில் அசல் சேசிஸுக்கு ஐந்து, இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் அங்கே சின்னஞ்சிறு மோரிஸ் மைனரில்கூட ஜப்பான் இன்ஜினைக் கூசாமல் ஏற்றுகிறார்கள். நம் சட்டத்தின் கணக்கு வேறு. அந்த வீடியோவை வேடிக்கையாகப் பார்க்கலாம். வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

இழுவை இல்லை, சூடாகிறது, புகை விடுகிறது. இந்த மூன்றுக்கும் பலநேரம் இன்ஜின் மாற்றம் தேவையே இல்லை. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் எளிய சோதனை அது. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் நல்ல செய்தி. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், அல்லது மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமலே "இன்ஜின் போச்சு" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், தப்பிய இக்னிஷன் டைமிங், அல்லது யாரோ ஒரு மெக்கானிக் "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று எப்போதோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட். பத்மினிக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட். ஒருமுறை நன்றாகச் சூடேறி வளைந்துவிட்டால், ரேடியேட்டரைச் சரிசெய்த பிறகும் தொல்லை தொடரும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பிடிக்க வேண்டும்.

இன்ஜின் நிஜமாகவே தேய்ந்திருந்தாலும் அதையே புதுப்பிக்கலாம். சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது பழைய கைவேலை. இருபது, நாற்பது, அறுபது என்று மெக்கானிக்குகள் சொல்வது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிதாகிறது என்பதைத்தான். அதற்கு மேல் போக முடியாவிட்டால் ஸ்லீவ் இறக்கி மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க் ஷாஃப்டை அரைத்து, அளவுக்கேற்ற பேரிங் போடலாம். இவ்வளவு செய்தும் இன்ஜின் பிளாக்கும் அதில் பொறித்த எண்ணும் அப்படியே இருக்கும். ஆர்.சி.க்கு ஒரு தொந்தரவும் இல்லை. செலவு குறைவு என்று சொல்ல மாட்டேன், நல்ல ரீபோர் வேலைக்குக் காசும் பொறுமையும் வேண்டும். ஆனாலும் என் கருத்தில், பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான் சரியான வழி.

தயாரிப்பாளர்களே செய்த இன்ஜின் மாற்றங்கள்

இன்ஜினை மாற்றியே தீர வேண்டும் என்றால், முதல் தேர்வு அதே மாடலின் இன்னொரு இன்ஜின். பத்மினிக்குப் பத்மினியின் 1089 சி.சி., ஹெரால்டுக்கு ஹெரால்டின் 948 சி.சி. தயாரிப்பும் வகையும் அதேதான். எண் மட்டும் மாறும். மவுண்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் தட்டாமல் பொருந்தும்.

இதற்கு அடுத்த படியில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பிரீமியர் கம்பெனி 1985 முதல் 118 என்.இ. என்ற காரை விற்றது. அதில் இருந்தது நிஸ்ஸானின் 1171 சி.சி. இன்ஜின். இதுவும் பத்மினி போலவே நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரத்தை இயக்குவது. அதனால், "ஒரே கம்பெனி சார், அப்படியே உக்காந்துக்கும்" என்பார்கள். பட்டறைக்கு அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் ஆர்.சி.யில் மாடல் பத்மினி, கொள்ளளவு 1089. புது இன்ஜின் அந்த இரண்டோடும் ஒத்துப்போகாது. 1990-களில் பத்மினியிலேயே 137-டி என்ற டீசல் வகையும் வந்தது. அதற்காக உங்கள் பெட்ரோல் பத்மினியில் டீசல் ஏற்றலாம் என்று ஆகாது, எரிபொருளே மாறிவிடுகிறது. இந்த மாதிரி இடங்களில் மெக்கானிக்கின் வாக்கும் நண்பரின் அனுபவமும் போதாது. இன்ஜினை வாங்குவதற்கு முன்பே பதிவு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அம்பாசிடரிலும் இதே கதைதான். பழைய 1489 சி.சி. இன்ஜினோடு பல்லாண்டு ஓடிய வண்டிக்கு, 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் கொடுத்தது. ஆளே மாறிப்போன மாதிரி ஓடியது. ஆனால் தொழிற்சாலையில் இசுசு இன்ஜினோடு பிறந்த அம்பாசிடரும், பின்னால் பட்டறையில் இசுசு ஏற்றிய அம்பாசிடரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஒரு காலத்தில் டீசல் விலைக்காக மெட்டடார் வேன் இன்ஜினை அம்பாசிடரில் ஏற்றியவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த வண்டிகளில் எத்தனைக்கு ஆர்.சி. திருத்தம் நடந்தது என்பது அந்தந்த உரிமையாளருக்குத்தான் வெளிச்சம்.

வண்டிக்கும் இன்ஜினுக்கும் ஜோடி பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி, வண்டலூர் தொழிற்சாலையில் வான்கார்ட், ஹெரால்டு, கெசல் என்று வண்டிகளைத் தயாரித்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு, அன்றைக்கு நவீனமான பிரிட்டிஷ் ரோவர் எஸ்.டி.1, உள்ளே இருந்த 1991 சி.சி. இன்ஜினோ பழைய வான்கார்ட் பரம்பரை. தோற்றத்துக்கேற்ற ஓட்டம் இல்லை, விலையோ அதிகம். மூன்று ஆண்டு தாண்டவில்லை, தயாரிப்பு நின்றது. பொறியாளர்களும் தொழிற்சாலையும் இருந்த கம்பெனிக்கே பொருத்தம் தவறியது என்றால், மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்கிற பட்டறையைக் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

அதே ஹெரால்டு குடும்பத்தில் பொருத்தமான மாற்றத்துக்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் டிரையம்ஃப் நிறுவனம் ஹெரால்டை 948 சி.சி.யில் தொடங்கி 1147, பிறகு 1296 என்று வளர்த்தது. அதே சட்டகத்தை வலுப்படுத்தி ஆறு சிலிண்டர் இன்ஜினை ஏற்றி விட்டெஸ் என்ற பெயரில் விற்றது. இன்ஜின் பெருத்தபோது அவர்கள் பிரேக்கையும் சேர்த்துப் பெருக்கினார்கள். பட்டறைகளில் மறந்துபோவது இதைத்தான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை வேகமாக ஓட வைத்துவிட்டு, அதே டிரம்மை வைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்து.

இடம், திசை, எடை

"ஸென் இன்ஜின் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது? ஸென், ஆல்டோ போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கும். கியர்பாக்ஸும் அதோடு ஒட்டியே இருக்கும். பத்மினி, ஹெரால்டு, அம்பாசிடர், மோரிஸ் மைனரில் இன்ஜின் நீளவாக்கில் இருந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும். குறுக்கே இருப்பதை நீளவாக்கில் திருப்ப வேண்டுமென்றால் வேறு கியர்பாக்ஸ், வேறு பெல் ஹவுசிங், வெட்டி ஒட்டிய ஷாஃப்ட், புது மவுண்டிங் எல்லாம் வேண்டும். மாருதியிலேயே ஆம்னியும் ஜிப்சியும் நீளவாக்கு இன்ஜின் கொண்டவை. இந்த மாதிரிப் பேச்சுகளில் அவற்றின் பெயர் அடிபடுவது அதனால்தான். ஆனால் ஆம்னி இன்ஜின் 796 சி.சி. மட்டுமே, 1089-ஐ எடுத்துவிட்டு அதை வைப்பது மேம்பாடா என்று நீங்களே யோசியுங்கள். போதாததற்குத் தயாரிப்பாளரும் வேறு. பிரிவு 52 நேராக வந்து நிற்கும்.

டீசல் இன்ஜின் என்றால் எடை. முன்பக்கம் கனத்தால் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்டியரிங் கனக்கும், நாற்பது ஐம்பது வருடத் துரு ஏறிய மெம்பரில் விரிசல் விடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள புது இன்ஜின் என்றால் இ.சி.யூ., சென்சார்கள், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், திரும்பி வரும் பைப் லைன் எல்லாம் சேர்ந்து வரும். பழைய வயரிங்கில் இதை ஒட்டுப்போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஆர்.சி.யைத் தொடாமலே செய்யக்கூடியவை

வண்டி தினசரி ஓட்டத்துக்கு லாயக்காக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், இன்ஜினை மாற்றாமலே நிறைய செய்யலாம். பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகும் விதமே மாறிவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தால் மழைநாளில் வைப்பர், லைட், ஹாரன் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். ரேடியேட்டருக்குப் புது கோர், கூடவே எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் சிக்னல் சூடு பெருமளவு தீரும். பிரேக் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாகட்டும். இவை எதுவும் இன்ஜின் எண்ணையோ சி.சி.யையோ மாற்றுவதில்லை.

முக்கியமாக ஒன்று: பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்து இழுவை குறையலாம், சூடும் ஏறலாம். "இன்ஜின் வீக் ஆயிடுச்சு" என்று தோன்றுவதில் பாதி இதுவாக இருக்கக்கூடும். எத்தனால் தாங்கும் ஹோஸ், கேஸ்கெட் போட்டு, ஜெட்டை ஒரு படி கூட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றுபோனது. வார்ப்பிரும்பு ஹெட் உள்ள அம்பாசிடர், ஹெரால்டு இன்ஜின்களைக் கழற்றும்போது, கெட்டிப்படுத்திய வால்வ் சீட் போடச் சொல்வதும் நல்லது.

ஐம்பது வயதைத் தொடும் வண்டிகள்

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோக வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி வரிசை எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்தப் பதிவில் உள்ள வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம்.

எனவே வயதைக் கணக்குப் போடுங்கள். 1972-இல் பதிவான கெசல் ஏற்கெனவே தகுதி வயதைத் தாண்டிவிட்டது. 1980 பத்மினிக்கு 2030. முதல் மாருதி 800 டெலிவரி ஆனது 1983 டிசம்பர், அதற்கு 2033. இன்னும் நாலைந்து ஆண்டில் வின்டேஜ் ஆகப்போகிற வண்டியில் இன்றைக்கு வேறு இன்ஜின் ஏற்றினால், அந்தக் கதவை நீங்களே சாத்துகிறீர்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்டத்தான் போகிறேன், வின்டேஜ் பதிவே வேண்டாம் என்றால் அது வேறு முடிவு, தெரிந்து எடுங்கள்.

மின்சாரம், சி.என்.ஜி. பக்கம் போகிறீர்களா? பிரிவு 52-இலேயே இதற்கு வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி எரிபொருளை மாற்றலாம். ஆனால் கிட் வகை ஒப்புதல் பெற்றதா, அந்த ஒப்புதல் உங்கள் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் செல்லுமா, பொருத்துபவருக்கு அங்கீகாரம் உண்டா என்று மூன்றையும் சான்றிதழாகப் பாருங்கள். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இத்தகைய சோதனை மையங்கள். இணையத்தில் மலிவாக வரும் மோட்டாரையும் பேட்டரியையும் வாங்கிப் பட்டறையில் பொருத்தினால் அது இந்த விதிக்குள் வராது. சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்குமுன், வைத்தபின்

பழைய இன்ஜின் தேடி நம் ஆட்கள் போவது புதுப்பேட்டை. அங்கே கண்ணுக்கு நல்ல இன்ஜின் அகப்பட்டாலும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ரசீதில் இன்ஜின் எண் எழுதியிருக்க வேண்டும். அந்த வண்டியின் பதிவு ரத்தான சான்றோ, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தின் ஆவணமோ கிடைத்தால் ரொம்ப நல்லது. எண்ணைத் தேய்த்து அழித்த தடமோ, மேலே புதிதாகப் பொறித்த தடமோ தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். காசு கொடுக்கும் முன், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் அந்த இன்ஜின் எண்ணைப் போட்டுத் திருட்டு வண்டியா என்று பாருங்கள். போனிலேயே பார்க்கலாம்.

பிறகு பரிவாகன் இணையதளத்தில் வாகனம் தொடர்பான சேவைகளுக்குள் போய், வாகன மாற்றத்துக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டணத்தைத் தளமே காட்டும். அதைத் தவிர யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அபிராமபுரம், மந்தைவெளிக்காரர்களுக்கு மந்தைவெளியில் இயங்கும் டி.என். 06 அலுவலகம் பக்கம்தான். ஆனால் உங்கள் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைத் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். காப்பீடு, புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கட்டும். இன்ஜின் ரசீது, பட்டறையின் வேலைச் சீட்டு, பழைய இன்ஜின் எண், புது இன்ஜின் எண் இரண்டின் பென்சில் பிரின்ட் ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். எண் பொறித்த இடத்தில் படிந்த ஆயில், பெயின்ட் எல்லாவற்றையும் முதல் நாளே மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்துவிடுங்கள். பாதிப் பேர் ஆய்வுக்குப் போய்த் திரும்பி வருவது எண் படிக்க முடியாததால்தான்.

ஆர்.சி. திருத்தம் ஆனதும் அதன் நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாலிசியிலும் புது எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் ஒரு எண், பாலிசியில் ஒரு எண், வண்டியில் ஒரு எண் என்று இருந்தால், விபத்து அன்று இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

இருபது முப்பது வருடம் முன்னால் அப்பா வேறு இன்ஜின் வைத்து, பதிவே செய்யாமல் விட்டிருந்தால்? இந்த நிலையில் இருப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். படிவம் 25 கொடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது, ஆய்வாளர் எண்களை ஒப்பிடுவார், அங்கே மாட்டிக்கொள்ளும். அதற்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போய், இருப்பதை இருப்பதாக எழுதிக் கொடுத்து வழி கேளுங்கள். அதே வகை இன்ஜின் என்றால் திருத்த வழி உண்டு. வேறு தயாரிப்பு என்றால், அசல் வகை இன்ஜினைத் தேடித் திரும்ப வைக்க வேண்டி வரலாம். "பழைய நம்பரையே இதுல அடிச்சுக் குடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அது போலி ஆவணத்துக்குச் சமமான குற்றம்.

கழற்றிய பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, துளைகளைத் துணியால் அடைத்து, மரப்பலகை மேல் ஏற்றி, ஈரம் படாத மூலையில் வையுங்கள். எண் பொறித்த இடத்தில் கிரீஸ் தடவி, ஒரு படம் எடுத்து ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள்.